யூத வீட்டு அடுக்களையில் பழம் கழுவுவது எப்படி: புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

நான் எருசலேமில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். இது ஐந்தாவது வருஷம். ஊர் நாகர்கோவில் பக்கம். புறப்படும் முன் ரத்த அழுத்தம் பார்க்கவும், படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும் சொல்லித் தந்தார்கள். பழம் கழுவ யாரும் சொல்லித் தரவில்லை. வந்த மூன்றாம் நாள் ஒரு டப்பா ஸ்ட்ராபெரியைக் குழாயடியில் காட்டி அலசி, தட்டில் அழகாக அடுக்கிப் பாட்டி முன்னால் வைத்தேன். பாட்டி கை வைக்கவே இல்லை. சாயங்காலம் மகள் வந்தார். கோபப்படவில்லை. அந்தத் தட்டை அப்படியே அடுக்களைக்கு எடுத்துப்போய் முதலிலிருந்து தொடங்கினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று முதல் கற்றதை, மதக் கட்டுப்பாடுள்ள யூத வீடுகளில் புதிதாக வேலைக்குச் சேர்கிற நம் ஆட்களுக்காக எழுதுகிறேன்.

எதற்காக இவ்வளவு கவனம்

இது சுத்தம் பற்றிய விஷயம் என்று நினைத்தால் வேலை சரியாக வராது. வேதாகமம் வாசிக்கிறவர்களுக்கு லேவியராகமம் 11-ஆம் அதிகாரம் தெரிந்திருக்கும். ஊர்வனவும் பறப்பனவுமான பூச்சிகளைத் தின்னக் கூடாது என்ற கட்டளை அங்கேதான் இருக்கிறது. ஓர் எறும்பைத் தின்றால் ஐந்து விலக்குகளை மீறியதாகும் என்று அவர்களுடைய பழைய சட்ட விளக்க நூலான தால்முத் கணக்குச் சொல்கிறது. பன்றிக்கறிக்குக்கூட அத்தனை இல்லை. அதனால்தான் மற்ற விஷயங்களில் விட்டுக்கொடுக்கிற பாட்டிகள்கூட இதில் கறாராக இருக்கிறார்கள்.

இன்னொன்று. விலக்கான பொருள் தெரியாமல் ஒரு துளி உணவில் விழுந்தால், அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கிறதா என்று பார்த்து அனுமதிப்பது அவர்கள் சட்டத்தில் உண்டு. முழு உடம்போடு கிடக்கிற பூச்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்குப் 'பெரியா' என்று பெயர். ஆயிரத்தில் ஒன்றாகக் கலந்திருந்தாலும் அது அப்படியே விலக்குதான்.

செத்த பூச்சியும் விலக்குதான். நம் வீட்டில் காலிஃபிளவரை மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் முக்குவோம். புழு செத்துவிட்டால் மனம் ஆறிவிடும். இங்கே புழு செத்ததால் ஒன்றும் ஆகவில்லை, அது பழத்தை விட்டு வெளியே போக வேண்டும். செய்வது எல்லாம் அதற்காகத்தான் என்று மனதில் வைத்துக்கொண்டால், எந்தப் பழத்துக்கு என்ன செய்வது என்பது பாதி தானாகவே புரியும்.

வெறும் கண்ணுக்குத் தெரிகிற பூச்சிதான் கணக்கில் வரும். நுண்ணோக்கியில் மட்டும் தெரிவதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் எள்ளின் கால்வாசி அளவுள்ள இலைப்பேன்கூட வெள்ளைத் தட்டில் கண்ணுக்குத் தெரியும், அது கணக்கில் உண்டு. 2004-இல் நியூயார்க் குழாய்த் தண்ணீரில் மிகச் சிறிய நீர்ப்பூச்சிகள் கண்ணில் பட்டபோது, அங்குள்ள யூத வீடுகள் பலவற்றில் குழாய்க்கு வடிகட்டி மாட்டிக்கொண்டார்கள். எந்த அளவுக்குப் பார்ப்பார்கள் என்பதற்கு இது போதும்.

எல்லாப் பழத்தையும் இப்படிப் பார்க்க வேண்டியதில்லை. பத்தில் ஒன்று என்ற அளவுக்காவது பூச்சி இருக்கும் பழங்களைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்று பலர் கணக்கு வைத்திருக்கிறார்கள். அபூர்வமாக மட்டும் இருக்கும் பழங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டியவை

வீட்டுக்கு வீடு ரபி (அவர்கள் மதகுரு) வேறு, வழக்கம் வேறு. ஒரு வீட்டில் ஸ்ட்ராபெரி மூன்று தடவை கழுவினால் போதும். அடுத்த வீட்டில் தோலைச் சீவாமல் தொட மாட்டார்கள். மூன்றாவது வீட்டில் அதை வாங்குவதே இல்லை. நான் கீழே எழுதியிருப்பது நான் பார்த்த வழி. உங்கள் வீட்டார் வேறு மாதிரி சொன்னால் அதுதான் சரி.

எந்தப் பாத்திரம் என்று கேளுங்கள். இறைச்சிக்கு ஒரு வரிசை, பாலுக்கு ஒரு வரிசை என்று பாத்திரம் தனித்தனியாக இருக்கும். பழம் இரண்டிலும் சேராதது, 'பார்வே' என்பார்கள். பழத்துக்கு பார்வே கத்தி, பார்வே கிண்ணம், பார்வே பலகை. கழுவும் தொட்டியும் இறைச்சிக்கோ பாலுக்கோ உரியதாக இருக்கும், ஆகவே பழத்தைத் தொட்டிக்குள் நேராகக் கொட்டாதீர்கள். கிண்ணத்திலேயே ஊற வையுங்கள்.

கடைசிப் பார்வை யாருடையது என்றும் கேளுங்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் புரிந்துகொள்ள வேண்டும். சோதித்துப் பார்ப்பதற்கு 'பெதிகா' என்று பெயர். அதைச் செய்து "இது சுத்தம்" என்று சொல்கிறவர் அந்தக் கட்டளைக்குக் கட்டுப்பட்ட யூதராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். நாம் ஊற வைக்கலாம், கழுவலாம், நறுக்கலாம், விரித்து வைக்கலாம். முடிவு சொல்வது அவர்கள். நம்மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல, மனம் கோணாதீர்கள். எங்கள் பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டதால் அவரே பெதிகா செய்ய முடியாது. மகளோ பேத்தியோ வரும்வரை தட்டை மூடி வைப்பேன்.

மகள் உள்ளே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி "பதக்த்?" என்பது. 'பார்த்தாயா?' என்று அர்த்தம். ஆணிடம் கேட்டால் "பதக்தா?" கழுவியதோடு நிறுத்தியிருந்தால், "லோ, ராக் ஷதஃப்தி" என்று சொல்லுங்கள். 'இல்லை, கழுவ மட்டும் செய்தேன்.' இந்த ஒரு வாக்கியத்தைத் தயங்காமல் சொல்லப் பழகிக்கொண்டால் அந்த வீட்டில் உங்களுக்கு எந்தச் சங்கடமும் வராது. பார்க்காததைப் பார்த்தேன் என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதீர்கள். நேரம் இல்லாமல் போனது, மறந்தது, பழம் வீணானது எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வார்கள். அந்தப் பொய்யால் அவர்கள் வாயில் போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

வெளிச்சம்

பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு வெள்ளைக் கிண்ணம், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, மெல்லிய வெள்ளைத் துணி, நல்ல விளக்கு. பகலில் சன்னல் ஓரம் போதும். மஞ்சள் விளக்கில் எதுவும் தெரியாது. பாட்டியை வளர்த்த அம்மா சன்னலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அரிசி பொறுக்குவாராம். அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு நடையும் சுளவும்தான் ஞாபகம் வந்தது.

ஸ்ட்ராபெரி

எபிரேயத்தில் 'தூத் சாதே'. குளிர்காலத்தில் வந்து இறங்கும். இதில் இருப்பவை இலைப்பேன், அசுவினி, சிலந்திப்பேன். பழத்தின் மேல் விதை உட்கார்ந்திருக்கும் குழிகளிலும், பச்சைக் காம்புக்கு அடியிலும் ஒட்டிக்கிடக்கும்.

1. பச்சைக் காம்பை மட்டும் கிள்ளினால் போதாது. அதோடு சதையிலும் மெல்லிய ஒரு வட்டம் சேர்த்து வெட்டிவிடுங்கள். பழத்தில் ஓட்டை விழக் கூடாது. விழுந்தால் பூச்சி உள்ளே போய்விடும். பிளவு, பள்ளம், அழுகல் உள்ள பழத்தை ஒதுக்கிவிடுங்கள்.

2. வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, விரலில் வழவழப்புத் தெரியும் அளவுக்குச் சோப்பு கலந்து, பழத்தைப் போடுங்கள். மூன்று நான்கு நிமிஷம் ஊறட்டும். வெறும் தண்ணீரில் இந்தப் பூச்சிகள் பிடியை விடாது. சோப்புதான் வழுக்க வைக்கிறது.

3. கையை உள்ளே விட்டு நன்றாகக் கலக்குங்கள். பிறகு ஒவ்வொரு பழமாக எடுத்து, குழாய் நீரின் கீழே விரலால் மெல்லத் தேய்த்துச் சுற்றிச் சுற்றிக் கழுவுங்கள். மொத்தமாகச் சல்லடையில் கொட்டிக் குழாயைத் திறப்பது போதாது.

4. தண்ணீரை மாற்றி, சோப்பு போட்டு, இதையே திரும்பச் செய்யுங்கள்.

5. கடைசியாக நல்ல தண்ணீரில் போட்டுக் கலக்கி, அந்தத் தண்ணீரை வெள்ளைத் துணி வழியாக வடித்து, துணியை விளக்குக்கு நேரே பிடியுங்கள். இந்த இடத்தில்தான் வீட்டாரை அழைப்பது.

முதல் நாள் மகள் அந்தத் துணியை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "காத்திரு" என்றார். கொஞ்ச நேரத்தில், நூல் பிசிறு என்று நான் நினைத்த ஒன்று நகர்ந்தது. இளமஞ்சளாக, ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். இலைப்பேன். அன்றிலிருந்து என் கண் வேறு மாதிரி ஆகிவிட்டது. அசையாத புள்ளி மண்ணா பூச்சியா என்று சந்தேகம் வந்தால் பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது கண், இன்னதென்று உறுதி செய்ய மட்டும் கண்ணாடி.

துணியில் ஏதாவது கிடந்தால் மறுபடி கழுவ வேண்டும். மூன்று தடவை கழுவியும் வந்துகொண்டே இருந்தால் அந்த டப்பாவையே ஒதுக்கிவிடுவார்கள். மனம் கேட்காது, விலை அப்படி. ஆனாலும் விட்டுவிடுங்கள்.

அத்தியும் பேரீச்சையும்

அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று நம் ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தப் பழமொழியோடு வந்தவர்களுக்கு அத்தியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எப்படிப் பிடுவது என்பதைத் தவிர.

குளிர்காலத்தின் நடுவில், ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள், 'தூ பிஷ்வாத்' என்ற நாள் வரும். மரங்களின் புத்தாண்டு. தட்டு நிறைய உலர்ந்த அத்தி, பேரீச்சை, ஆப்ரிகாட் வைப்பார்கள். என் முதல் தூ பிஷ்வாத்துக்கு நான் அத்தியை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே தெரிய அடுக்கினேன். பார்த்தாகிவிட்டது என்றுதான் நம்பினேன். மகள் ஒரு பாதியை எடுத்து, காலுறையை உள்வெளியாகத் திருப்புவதுபோலப் புரட்டி, கட்டை விரலால் விதைகளைப் பரப்பினார். விதைகளுக்கு நடுவே ஒரு சின்னச் சுரங்கம். அதன் முடிவில் பழுப்புத் தலையுள்ள வெளுத்த புழு, காய்ந்துபோய்க் கிடந்தது. வெட்டிய முகத்தில் அதன் அடையாளம்கூட இல்லை. அன்று தட்டு முழுவதையும் திரும்பச் செய்தோம்.

ஆகவே உலர்ந்த அத்தியை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊற வையுங்கள். அடியில் உள்ள சின்ன வாய்ப்பக்கமிருந்து கீறித் திறந்து, முழுக்கப் புரட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். விதை உருண்டையாக, மஞ்சளாக, பளபளவென்று இருக்கும். புழு நீளமாக இருக்கும், பளபளப்பு இருக்காது. கறுப்புப் பொடி, நூலாம்படை மாதிரி இழை, பழுப்பு நிறச் சிறு வண்டு, இவற்றில் எது கண்டாலும் அந்தப் பழம் வேண்டாம். கோடையில் வரும் புதுப்பழத்துக்கும் இதே முறை, ஊற வைப்பது மட்டும் தேவையில்லை. ஒரு பொட்டலத்தில் மூன்று பழத்தில் கண்டுவிட்டால் மொத்தத்தையும் விடுவது பல வீட்டு வழக்கம்.

பேரீச்சையை நெடுக்காகப் பிளந்து, கொட்டையை எடுத்து, கொட்டை இருந்த பள்ளத்தைப் பாருங்கள். வண்டும் புழுவும் அங்கேதான் குடியிருக்கும். வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உடனே பயப்படாதீர்கள், சர்க்கரை பூத்திருக்கலாம். வெந்நீரில் ஒரு சொட்டு விட்டுத் தேயுங்கள். சர்க்கரை கரையும், புழு கரையாது. பொடி பொடியாகக் கறுப்பாகக் கிடந்தால் பூச்சியின் எச்சம். ஆப்ரிகாட்டையும் ஊற வைத்து, முழுப் பழமென்றால் பிளந்து, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நல்ல பழம் ஆரஞ்சுக் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை விடும்.

உலர்பழம் பற்றி ஒரு விதி கேள்விப்படுவீர்கள். எலும்பில்லாத உயிர் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வாழாது என்பது அவர்கள் சட்டநூலான ஷுல்ஹான் அரூஹில் உள்ள கணக்கு. பழைய சரக்கில் அதைக்கொண்டு ரபிகள் சில முடிவுகள் சொல்வார்கள். அது ரபி சொல்ல வேண்டியது, நாமாகக் கணக்குப் போட வேண்டாம்.

கொய்யா, மாதுளை, ஆரஞ்சு

கொய்யா நம் பழம், அதனால் அலட்சியம் வரும். இங்கே மத்தியதரைக் கடல் பழ ஈ என்று ஒன்று உண்டு. ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி, அதைச் சுற்றித் தொட்டால் மெத்தென்று இருக்கும். அங்கே முட்டை இட்டிருக்கிறது. புழு வெள்ளை, சதையும் வெள்ளை. அதனால் இரண்டாக வெட்டிவிட்டு நிறுத்தாமல் மெல்லிய வில்லைகளாக வெட்டுங்கள். முதிர்ந்த புழு உடம்பை வளைத்துத் துள்ளும், தட்டிலிருந்து மேசையில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். மாம்பழத்தைத் தோல் சீவி, அலசி, இதே கண்ணோடு பாருங்கள்.

மாதுளைக்கு 'ரிமோன்' என்று பெயர். செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும் ரோஷ் ஹஷனா புத்தாண்டு மேசையில் இது இருந்தே ஆக வேண்டும். புழு கிரீடம் வழியாக உள்ளே போகும். முதலில் கிரீடத்தை ஓர் அங்குலச் சதையோடு வெட்டித் தள்ளுங்கள். உள்ளே பழுப்புத் தூளோ நூலோ அழுகிய முத்தோ தெரிந்தால் கவனம். முத்துகளை உதிர்த்து, தண்ணீரில் போட்டு, வெள்ளைத் தட்டில் பரப்பி வையுங்கள்.

ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் மச்சம் மாதிரி வட்டமாகச் செதில்கள் ஒட்டியிருக்கும். அழுக்கு என்று நினைப்போம். அது செதில் பூச்சி. அசையவே அசையாதே என்று தோன்றும். குஞ்சாக இருந்தபோது ஊர்ந்துபோய் அங்கே ஒட்டிக்கொண்டது, ஆகவே விலக்கு. பழத்தின் உள்ளே போகாது. உரிக்கும்போது விரலிலும் கத்தியிலும் ஒட்டி சுளைக்கு வந்துவிடும். உரித்ததும் கையைக் கழுவி, சுளையையும் ஒருமுறை அலசுங்கள். சாறு பிழிவதற்கு முன் தோலைப் பிரஷ்ஷால் தேயுங்கள். தோலைத் துருவிக் கேக்கில் போடுவதாக இருந்தால் கேட்காமல் செய்யாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. திராட்சையைக் காம்பிலிருந்து உதிர்த்து ஊற வைத்துக் கழுவுங்கள். பஞ்சுபோல வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. அன்னாசியைப் பழுப்புக் கண் ஒன்றுகூடத் தெரியாத அளவுக்கு ஆழமாகச் சீவி அலசுங்கள். பீச், பிளம், வசந்தத்தில் வரும் லொக்காட் இவற்றைப் பிளந்து கொட்டைப்பக்கம் பாருங்கள். ஆப்பிளில் ஓட்டை இருக்கிறதா, காம்புக் குழியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வாழைப்பழம், அவகாடோ, தர்ப்பூசணிக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை.

ராஸ்ப்பெரியும் பிளாக்பெரியும் மல்பெரியும் பல வீடுகளில் உள்ளே வருவதே இல்லை. குழிகளும் மயிர்களும் நிறைந்த பழங்கள்; கழுவினால் பழம் சிதையும், பூச்சி போகாது. உறைய வைத்த பாக்கெட்டும் அப்படித்தான். நீங்கள் ஆசையாக வாங்கி வந்தால் உங்கள் அறையில் சாப்பிடுங்கள், வீட்டு மிக்ஸியில் போடாதீர்கள். அரைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. கடையில் சிவப்புத் தயிரோ மிட்டாயோ வாங்கும்போது ஈ120 என்று அச்சிட்டிருந்தால் வைத்துவிடுங்கள். அந்தச் சிவப்புச் சாயம் பூச்சியிலிருந்து எடுப்பது.

பக்கத்து வீட்டு மரத்துப் பழம்

யாராவது பை நிறைய அத்தியோ எலுமிச்சையோ கொடுத்தால் அதைக் கழுவி வைப்பதோடு வேலை முடியாது. இஸ்ரேலில் விளைந்ததில் தசமபாகம் பிரிக்காமல் சாப்பிட மாட்டார்கள். கடைச் சரக்கில் காஷேர் முத்திரை (அவர்கள் உணவுச் சட்டப்படி சரி என்ற முத்திரை) இருந்தால் பிரித்தாகிவிட்டது. தோட்டத்துப் பழத்தில் வீட்டார்தான் பிரிக்க வேண்டும். நட்டு மூன்று வருஷம் ஆகாத மரத்தின் பழமும் ஆகாது. பையைத் தனியாக வைத்து, யார் கொடுத்தது என்று சொல்லிவிடுங்கள். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு தரும் 'ஷ்மிதா' வருஷம் வரும். கடைசியாக 2021-22, அடுத்தது 2028-29. அந்த விளைச்சலின் தோலையும் மிச்சத்தையும் சாதாரணக் குப்பையில் போட மாட்டார்கள், அதற்குத் தனிப் பை தருவார்கள்.

வெள்ளிக்கிழமை

சனிக்கிழமை ஓய்வுநாள். நல்லதிலிருந்து கெட்டதைப் பொறுக்கிப் பிரிப்பது அன்று விலக்கான வேலைகளில் ஒன்று. ஊற வைத்துப் பூச்சி எடுப்பதும் அதில் சேரும். அதனால் அடுத்த நாளுக்கான பழம் எல்லாம் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கழுவி, வீட்டார் பார்த்து, மூடிபோட்டுக் குளிர்பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். நான் காலை பத்து மணிக்கு ஊற வைப்பேன். பேத்தி பள்ளி விட்டு வந்ததும் சன்னலடியில் நின்று பார்ப்பாள். பார்த்து முடித்த டப்பாவின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுவேன். ஒட்டாத டப்பா பார்க்காதது.

அப்படியும் சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஒரு புழு தென்பட்டால் பதறி விரலால் எடுத்து எறியாதீர்கள், நசுக்காதீர்கள். தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தி இடத்தைக் காட்டுங்கள். பெரும்பாலும் பழத்தில் ஒரு துண்டோடு சேர்த்தே அதை எடுத்து ஒதுக்குவார்கள். பாட்டிக்குக் கண் தெரியாததால், என்ன நடந்தது என்று கேட்பார். உள்ளதைச் சொல்லுங்கள்.